என் மாமாவின் காலுக்கு நான் கொடுத்த பச்சை

என் மாமாவின் இடது பாதத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தவள் நான். அந்தப் பாதம் அவரோடு மலை ஏறித் திரும்புமா, கீழே சேலத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுமா என்று எங்கள் குடும்பம் பதினோரு நாள் ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மூல காரணம் ஒரு கோணி ஊசி. துணைக் காரணம் நான். ஆய்வுக்காரர்களின் பாஷையில் சொன்னால், நானும் ஒரு ஆபத்துக் காரணி.

பட்டப்படிப்பு முடித்து, வீட்டில் எல்லோருக்கும் அறிவுரை சொல்வதை முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்த வேலை கிடைத்தது. ஒரு மருத்துவ ஆய்வுக்கு விவரம் சேகரிக்க வேண்டும். மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்த்து, கேள்விகள் கேட்டு, ஒரு டேப்லெட்டில் போட வேண்டும். அது தானே கூட்டிக் கழித்து, இன்னாருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு, சிறுநீரகம் கெடும் வாய்ப்பு எவ்வளவு, காலில் புண் வந்து கால் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஜோசியருக்காவது கிளி வேண்டும். எனக்கு சார்ஜ் இருந்தால் போதும்.

குளுகுளு அறையில் இரண்டு நாள் பயிற்சி. முடிவில் ஒரு தொப்பி, ஒரு பை, கழுத்தில் மாட்ட அட்டை, அளவு நாடா, பிளாஸ்டிக் பிடியில் செருகிய ஒரு நைலான் இழை. அதை வாங்கிக்கொண்டு வந்த நாள் முதல் மனிதர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கண்டக்டரைப் பார்த்தால் அவர் தொப்பை தெரிந்தது. பஜ்ஜிக் கடைக்காரரைப் பார்த்தால் ஒரு தொற்றாநோய் மையம் தெரிந்தது. மலை ஏறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே போனில் ஆய்வுக் கட்டுரை படிக்க முடியும் என்று நிரூபித்த முதல் ஆள் நானாக இருக்கலாம். பதினான்காவது வளைவில் ஜன்னலைத் தேடிய கடைசி ஆள் நிச்சயம் நானில்லை. வீட்டில் அம்மாவின் இடுப்பை அளக்க நாடாவோடு போனேன். முதலில் சாப்பிட்ட தட்டைக் கழுவு, அப்புறம் இடுப்பைப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள்.

ஜனங்கள் இதை ஆய்வாக எடுத்துக்கொள்ளவில்லை, பரீட்சையாக எடுத்துக்கொண்டார்கள். கரடியூரில் ஒருவர் மாதக்கணக்கில் தொடாத மாத்திரைகளில் மூன்றை நான் வரும் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, படித்து முடித்த மாணவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சக்குட்டையில் ஒரு அம்மாவுக்கு மஞ்சள் வந்தது. அவருடைய ஓரகத்திக்குப் பச்சை வந்திருந்தது. மறுநாள் ஜீப்புக்குக் காத்திருந்த என்னைப் பிடித்து, அவளுக்கே பச்சை என்றால் எனக்கு எப்படி மஞ்சள் வரும், இன்னொரு தடவை போட்டுப் பார் என்று கேட்டார். மறுகூட்டலுக்கு வழி இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

எனக்கும் அதில் சந்தோஷம்தான். நிறம் சொல்லும் அதிகாரம் சாதாரணமானதா.

மாமா என் அம்மாவின் தம்பி. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் களத்து வேலை. தோல் உரித்துக் கழுவிய காப்பிக் கொட்டையைச் சிமென்ட் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். இடம் போதாவிட்டால் கறுப்புத் தார்ப்பாயில். அடிக்கடி கிளறிவிட வேண்டும். அதற்குப் பலகை உண்டு. ஆனால் காலுக்கு ஈடு பலகை கிடையாது என்பது களத்து நியாயம். பாதத்தைத் தரையோடு தேய்த்து நடந்தால் கொட்டை இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஏர் ஓட்டினது போல நேராகச் சால் விழும். செருப்புக்கு அங்கே அனுமதி இல்லை. செருப்பு மிதித்தால் கொட்டையின் மேல்தோல் உடையும், ரப்பர் வாசம் ஏறும் என்பது ரைட்டரின் கட்டளை. ரைட்டர் என்பவர் எஸ்டேட்டில் வேலை வாங்குகிற மேஸ்திரிகளுக்கெல்லாம் மேலே இருப்பவர். களத்தில் அவர் சொல்தான் சட்டம்.

மாசி மாத உச்சி வெயிலில் கறுப்புத் தார்ப்பாய் தோசைக்கல் ஆகிவிடும். மற்றவர்கள் பத்துத் தப்படிக்குள் ஒரு கச்சேரிக்கான ஆட்டத்தை ஆடி முடித்து நிழலுக்கு ஓடிவிடுவார்கள். மாமா மட்டும் கடற்கரையில் காற்று வாங்குகிறவர் போல நடப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ரைட்டர் கூட்டிவந்து காட்டுவார், கால் என்றால் அது கால் என்று. ஒருமுறை முதலாளி வந்தபோது அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். சில வருடங்களுக்கு முன்னால் மாமாவும் மற்றவர்களைப் போலக் குதித்தவர்தான். குதிப்பு எப்போது நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. நின்றதும் பாராட்டு ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை ஒன்பது வருடமாக. மாத்திரையும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் போடுவார், தேர்த் திருவிழா முடிந்தால் போடுவார். மற்ற நாளில் உடம்பே பார்த்துக்கொள்ளும்.

களத்து ஓரத்தில் சில்வர் ஓக் நிழலில் அவரை உட்காரவைத்து டேப்லெட்டைத் திறந்தேன். அதிலிருந்த தமிழ், தமிழ் பேசும் எவரையும் சந்தித்திராத யாரோ எழுதியது.

“மாமா, கடந்த மூன்று மாதங்களில் தங்கள் பாதங்களில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஏதேனும் தென்பட்டதா?”

“யாரோட பாதம் கண்ணு?”

“உங்களுதுதான் மாமா. கால் எரியுதுங்களா? மரத்துப்போன மாதிரி இருக்குதுங்களா?”

“ஒரு மண்ணும் இல்ல. வேணும்னா அந்தத் தார்ப்பாய்ல போயி நின்னு காட்டட்டுமா?”

போய் நின்று காட்டினார். மத்தியானம் ஒரு மணி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார். நான் கைதட்டினேன்.

இதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எப்படிச் சொன்னாலும் அந்த இடத்தில் நான் கைதட்டுகிறேன்.

பையில் அந்த நைலான் இழை இருந்தது. பாதத்தில் பத்து இடத்தில் அதைத் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கேட்பதுதான் சோதனை. ஆனால் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். காலில் தொந்தரவு இருப்பதாகச் சொல்கிறவர்களுக்கு மட்டும் அந்தச் சோதனை. அதாவது, காலில் உணர்ச்சி போய்விட்டதா என்று பார்க்கும் கருவியை, காலில் ஏதோ உணர்கிறேன் என்று சொல்பவரிடம் மட்டும்தான் எடுக்க வேண்டும். பயிற்சியில் இதைக் கேட்டபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. குறிப்பேட்டில் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு இருதயம் மஞ்சள், சிறுநீரகம் மஞ்சள், பாதம் பச்சை. மஞ்சள் இரண்டையும் அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பச்சையை மட்டும் டேப்லெட்டோடு தூக்கிக்கொண்டு போய் ரைட்டர் முதல் சாக்குக்காரர் வரை காட்டினார்.

ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டிருந்தாள். மாமா வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். ஈரத் தரையில் வலது கால் தடம் சுத்தமாக விழுந்தது. இடது தடத்தின் முன்பகுதியில் பழுப்பாக ஒரு வட்டம். களத்துக் கறை என்று அத்தை திரும்பத் துடைத்தாள். துடைத்த துணியை மோந்து பார்த்தாள். பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கினாள்.

பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், ஐந்து ரூபாய் அகலத்துக்குத் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அழுத்தினால் வந்தது தண்ணீர் இல்லை. சுற்றிலும் வீங்கி, மேல்பக்கம்வரை சிவப்பு ஏறியிருந்தது.

“ஏனுங்க, இது எத்தன நாளா?”

“எது?”

அவர் உண்மையாகவே கேட்டார். குனிந்து பார்க்க முயன்றார். வயிறு இடம் கொடுக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மறுநாள் மூட்டை கட்டும் வேலை இருக்கிறது, வலியே இல்லாத காலுக்கு எதற்கு ஆஸ்பத்திரி, மஞ்சள் பத்துப் போட்டால் போதும் என்றார். நான் படித்த கட்டுரைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீயே சொன்ன. உன்ற மிசினு பச்சை போட்டுச்சு. இப்ப என்னாங்கற, மிசினு பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுறியா?”

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தக் காலுக்கும் டாக்டருக்கும் நடுவில் இப்போது நின்றுகொண்டிருந்தது நான் கொடுத்த பச்சைதான். வேறு எதுவும் இல்லை.

பையிலிருந்து இழையை எடுத்தேன். பந்தயம் என்றேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் தொடும்போதெல்லாம் தொட்டாய் என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொல்லிவிட்டால் நாளைக்கு மூட்டை கட்டப் போகலாம். பந்தயம் என்றால் மாமா விடமாட்டார். கண்ணை மூடினார். முதலில் கையில் தொட்டுக் காட்டினேன், டக்கென்று சொன்னார். பிறகு காலுக்கு வந்தேன். விரல் நுனி, விரலடி, நடுப்பாதம், ஓரம், குதிகால். இழை வளைகிற வரை அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து, பத்து இடம். வலது காலிலும் பத்து. வீட்டில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

மாமா கண்ணைத் திறக்காமலே, “எப்பக் கண்ணு ஆரம்பிக்கப் போற?” என்றார்.

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு காலும் முடிந்துவிட்டது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அத்தை முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் பச்சையைப் பற்றிப் பேசவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு ஜீப்புக்குக் கிளம்பினார்.

ஏற்காட்டில் டாக்டரம்மா, அத்தை கட்டிவிட்டிருந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுவரை யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார். போன மாதமே பாப்பா பார்த்து நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டதாக மாமா விசுவாசமாகச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் பெயர் வாங்கித் தருவதாக நினைத்தார். நான் கழுத்து அட்டையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன்.

“வலிக்கலைன்னா நல்லதுன்னு நினைச்சீங்களா? வலிக்கலைங்கறதுதான் இவருக்கு நோவே,” என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்த்து.

இதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு நாள் பயிற்சியில் சொல்லித்தராதது இது ஒன்றுதான்.

அன்று மாலையே கீழே சேலத்துக்கு அனுப்பினார். எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு வெள்ளைக் கோடு. மூட்டை தைக்கும் கோணி ஊசியின் முனை. எப்போது ஏறியது என்று கேட்டதற்கு மாமா யோசித்துப் பார்த்து, களத்தில் ஊசி ஒன்று ஒடிந்து பாதியைக் காணாமல் ரைட்டர் மூட்டை மூட்டையாகத் தேடவைத்த கதையைச் சொன்னார். இங்கேதான் இருக்கிறதா என்றார், தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்தவரின் நிம்மதியோடு. அதோடு மூன்று வாரம் அவர் சால் இழுத்திருக்கிறார்.

எலும்புக்கும் சீழ் போயிருந்தது. அந்த விரலை எடுக்க வேண்டும், பக்கத்து விரல் சந்தேகம். சீழ் அதோடு நின்றால் பாதம் தப்பும், நிற்காமல் ஏறினால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டிவரும் என்றார்கள். முதலில் ஒன்று போயிற்று. நான்காம் நாள் இன்னொன்று. பிறகு காத்திருப்பு. தினமும் கட்டுப் பிரிக்கும்போது அத்தை சுவரைப் பார்ப்பாள், நான் சிவப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் போட்ட கோட்டைப் பார்ப்பேன்.

மாமா அந்த வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் இரும்புக் காலில் துரு ஏறிவிட்டது என்பார். ஒரு சாயங்காலம், அத்தை டீ வாங்கப் போயிருந்தபோது, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“கால் போச்சுன்னா களத்துல எனக்கு என்ன கண்ணு வேல?”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள் நான். போர்வையைச் சரி செய்தேன்.

அந்த வராந்தாவிலிருந்துதான் ஆய்வு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளர் மிகவும் அனுதாபப்பட்டார். எல்லோருடைய காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும், கேள்வியை நம்பக் கூடாது என்றேன். ஆய்வு பாதி நடக்கும்போது விதியை மாற்றினால் ஆய்வின் தரம் கெட்டுவிடும் என்றார். சரி, இவருக்கு நேர்ந்ததையாவது எங்கே பதிவது என்றேன். அடுத்த சந்திப்பு ஆறாம் மாதம்தான், அதுவரை அதற்குக் கட்டம் கிடையாது என்றார். பிறகு சற்று யோசித்து, அவர் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொந்தக்காரர்களிடம் விவரம் எடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னோமே, அந்தப் பதிவையே நீக்கிவிடுங்கள் என்றார். இந்த மலையில் எனக்குச் சொந்தமில்லாதவர்களைத் தேடினால் சுற்றுலாப் பயணிகள்தான் மிஞ்சுவார்கள். மாமாவின் விரல்களைக் காட்டிலும் சுத்தமாக மாமாவின் பதிவு எடுக்கப்பட்டது.

பதினோராம் நாள், சிவப்பு பேனாக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது, இனி ஏறாது என்றார்கள். பாதம் தப்பியது. இரண்டு விரல் குறைவாக மலை ஏறினோம்.

அதற்குப் பிறகு நான் பச்சை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் இழையோடு திரும்பப் போனேன். சர்க்கரை இருக்கிறவர்களின் காலைக் காட்டச் சொன்னேன். போன தடவை பாஸ் போட்டுவிட்டு இப்போது எதற்கு மறுபடியும் என்று சண்டைக்கு வந்தார்கள். சிலருக்கு இழை தெரிந்தது. சிலருக்குத் தெரியவில்லை, அவர்களை டாக்டரம்மாவிடம் போகச் சொன்னேன், போகாதவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். விதிக்குப் புறம்பாக நான் சோதனை செய்வது அலுவலகத்துக்குத் தெரிந்தபோது டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். தொப்பியையும் கேட்டார்கள்.

மாமாவுக்குப் புண் ஆற அந்தப் பருவம் முடிந்துவிட்டது. அடுத்த காப்பி வந்தபோது, வெறுங்காலில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்ற டாக்டரின் உத்தரவோடு களத்துக்குப் போனார். அத்தையும் நானும் கூடப் போனோம். ரைட்டர் நல்ல மனிதர்தான். உட்கார்ந்து செய்யும் வேலையாக, மூட்டை தைக்கச் சொல்லலாம் என்றார். ஊசியால் விரல்களை இழந்தவருக்கு ஊசி வேலை. மாமா தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். களத்தில் ஷூ போட்டு நடக்கலாமா என்று நான் கேட்டேன். ரைட்டர் தலையை ஆட்டினார். காப்பியில் வாசம் ஏறிவிடும், வாங்குகிறவன் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்று விளக்க ஆரம்பித்தார்.

அத்தை அதுவரை ரைட்டர் முன்னால் வாயைத் திறந்ததில்லை.

“ஏனுங்க ரைட்டருங்க, போன மாசில மூணு வாரம் இவுரு கால் சீழு உங்க காப்பில காஞ்சுதுங்களே. அது என்ன வாசம் வந்துச்சுன்னு வாங்குனவங்க யாராச்சும் சொன்னாங்களா?”

களத்தில் பலகை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரைட்டர் காய்ந்துகொண்டிருந்த கொட்டையைப் பார்த்தார். அது எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அன்று முதலாளி வீட்டில் என்ன காப்பி குடித்தார்கள் என்பதையும் சேர்த்திருப்பார். பிறகு, களத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ, அது களத்தை விட்டு வெளியே போகக் கூடாது, தினமும் கழுவ வேண்டும் என்றார். கால் மரத்துப்போன இன்னும் இரண்டு பேர் களத்திலேயே இருப்பதை நான் சொன்னேன். அவர்களுக்கும் வாங்கச் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

முதல் நாள் மாமாவின் சால் பாம்பு போனது போல இருந்தது. இளவட்டப் பையன்கள் அவரைக் கடந்து போகும்போது, குடிச்சிட்டு ஏர் ஓட்டினீங்களா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் பதில் கொடுத்துக்கொண்டே நடந்தார். விரல் இல்லாத பக்கம் உடம்பு சாய்வதை நிமிர்த்தி நிமிர்த்தி நடந்தார். வெயில் உச்சிக்கு வந்ததும் அத்தை கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்தாள். ஷூவைக் கழற்றி, காலைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு காப்பிக் கொட்டையும் ஒரு பொடிக் கல்லும் விழுந்தன.

“இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது,” என்றார் மாமா.

அத்தை அடுத்த ஷூவைக் கையில் எடுத்தாள்.